கொஞ்சம் பின்னால் வந்து நில்லுங்கள்

உங்களிடம் ஒரு கேள்வி. பதிலை உடனே சொல்ல வேண்டாம். கட்டுரை முடிகிறவரை மனசுக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள்.

யாருக்கும் தெரியப்போவதில்லை, யாரும் பிடிக்கப்போவதில்லை, அதுவும் ஒரே ஒரு நாள்தான் என்றால்... ஒரு சின்னத் தப்பைச் செய்யலாமா?

'என்ன தப்புன்னு தெரியாம எப்படி சார் பதில் சொல்றது?' என்கிறீர்கள். நியாயம்தான். விஷயத்துக்கு வருகிறேன்.

என் அக்கா மகனுக்குக் கார் என்றால் உயிர். சாப்பாடு இல்லாமல் இருப்பான், கார் இல்லாமல் இருக்க மாட்டான். 2021-ல் கடன் வாங்கி ஒரு டீசல் கார் வாங்கினான். வேளச்சேரியில் வீடு, ஐந்து கிலோமீட்டரில் ஆபீஸ். அந்த ஐந்து கிலோமீட்டரைக் கடக்க முக்கால் மணி நேரம். காரின் ஆயுள் பூராவும் முதல் கியரிலும் இரண்டாவது கியரிலுமே கழிந்துகொண்டிருந்தது.

ஒருநாள் ராத்திரி வீட்டுக்கு வந்தான். முகம் சரியில்லை.

"மாமா, வண்டியில ஒரு ஆரஞ்சு லைட் எரியுது. ஃபில்டர் அடைச்சிடுச்சாம்."

"மாத்திடு."

"மாத்தணும்னா பல ஆயிரம் ஆகும் மாமா. மெக்கானிக் வேற ஒரு வழி சொல்றாரு. அதான் உங்ககிட்ட கேக்கலாம்னு..."

அது என்ன ஃபில்டர் என்று தெரிந்தால்தான் அடுத்தது புரியும். இரண்டு நிமிஷம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

டீசல் எரியும்போது கரி உண்டாகும். நம் கண்ணுக்குத் தெரிகிற கறுப்புப் புகையை விட, தெரியாத பொடிக் கரிதான் ஆபத்து. தலைமுடியின் கனத்தில் நூறில் ஒரு பங்குகூட இருக்காது. மூக்கு தடுக்காது, தொண்டை தடுக்காது, நேராக நுரையீரலின் அடி ஆழத்துக்குப் போய் உட்கார்ந்துகொள்ளும். டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2012-ல் திட்டவட்டமாக அறிவித்தது. சிகரெட் இருக்கிற அதே பட்டியலில் அதுவும் சேர்ந்தது.

இந்தக் கரியைப் பிடிக்கத்தான் அந்த ஃபில்டர். மெக்கானிக்குகள் 'டி.பி.எஃப்.' என்பார்கள். சைலன்சருக்கு முன்னால் ஒரு டப்பா. அதற்குள் பீங்கானில் செய்த தேன்கூடு. ஒவ்வொரு அறைக்கும் ஒரு பக்கம்தான் வாசல், மறுபக்கம் சுவர். புகை அந்தச் சுவரின் நுண்ணிய துளைகள் வழியாகத்தான் வெளியேற முடியும். கரி மட்டும் உள்ளேயே தங்கிவிடும். 2000-ம் வருஷம் பெஜோ கம்பெனி தன் 607 காரில் இதைப் பொருத்தி விற்றது. நம் ஊரில் 2020 ஏப்ரல் 1-ம் தேதி பி.எஸ்.6 விதி வந்தது. பி.எஸ்.5 என்கிற படியையே தாண்டி, ஒரே குதி! அதற்கப்புறம் டீசல் கார்களில் இது கிட்டத்தட்டக் கட்டாயம் என்றாகிவிட்டது.

டீ வடிகட்டினால் சக்கையை எடுத்துக் கொட்டிவிடலாம். இதில் கொட்ட முடியாது. சேர்ந்த கரியை அதுவேதான் எரித்துக்கொள்ள வேண்டும். அதற்கு அறுநூறு டிகிரி சூடு தேவை. நெடுஞ்சாலையில் நிதானமான வேகத்தில் அரைமணி நேரம் போனால் அந்தச் சூடு கிடைக்கும். எஞ்சினே கொஞ்சம் டீசலைக் கூடுதலாகத் தெளித்துச் சூட்டை ஏற்றிக்கொள்ளும். வேளச்சேரி சிக்னலில் அது நடக்குமா? கரி சேரும், சேரும், ஒருநாள் ஆரஞ்சு லைட் எரியும்.

இப்போது மெக்கானிக் சொன்ன வழி.

"தம்பி, டப்பாவை வெட்டி உள்ள இருக்கிற தேன்கூட்டை எடுத்துட்டு, மறுபடி வெல்டிங் வச்சிடலாம். வெளிய பார்த்தா அப்படியே இருக்கும். கம்ப்யூட்டர்ல 'ஃபில்டர் இருக்கு, நல்லா இருக்கு'ன்னு சொல்ற மாதிரி மாத்தி எழுதிடலாம். இனிமே லைட் எரியாது, செலவு வைக்காது. பிக்கப்பும் ஏறும்."

கவனித்தீர்களா? மனுஷன் சொன்ன பொய் போதாது என்று, காரையும் பொய் சொல்லப் பழக்குகிறார்கள்.

பிக்கப் என்றதும்தான் நம்மாளுக்கு ஆசை வந்தது. காரணம், அடுத்த மாதம் அவன் 'ட்ராக் டே' போவதாக இருந்தான். அப்படி என்றால், ரேஸ் டிராக்கைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடுவார்கள். பணம் கட்டிவிட்டு, ஹெல்மெட் போட்டுக்கொண்டு, சொந்தக் காரிலேயே ஆசை தீரச் சுற்றலாம். போட்டி இல்லை, பரிசு இல்லை. ரோட்டில் செய்தால் கொலைக்குற்றம் மாதிரியான வேகத்தை, யாரையும் இடிக்காமல் அனுபவித்துப் பார்க்க ஒரு இடம். ஐரோப்பாவில் வார இறுதியில் குடும்பஸ்தர்கள்கூடப் போகிறார்கள். நம் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் இருக்கிறது, பெங்களூர் நெடுஞ்சாலையில், ஸ்ரீபெரும்புதூர் பக்கம்.

அவன் வாதங்களை வரிசையாக அடுக்கினான். வக்கீலுக்குப் படித்திருக்கலாம்.

"ஒண்ணு, ட்ராக்குங்கறது மூடின இடம். ஊருக்குள்ள இல்ல. ரெண்டு, வருஷத்துல ஒரு நாள்தான். மூணு, தண்ணி லாரி விடற புகையைப் பாருங்க, அதுல நூத்துல ஒரு பங்குகூட நான் விடப்போறதில்ல. நாலு, யாருக்குத் தெரியப்போகுது? நீங்க என்ன சொல்றீங்க மாமா?"

எனக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. ஏனென்றால் நானும் வேகத்துக்கு ஆசைப்பட்டவன்தான். சோழவரத்தில் பழைய விமான ஓடுதளத்தில் ரேஸ் நடந்த காலத்தில், வெயிலில் காய்ந்து, தண்ணீர்கூடக் குடிக்காமல் நின்று பார்த்தவன். 'இதெல்லாம் எதுக்குடா வீண் வேலை' என்று சொல்ல எனக்கு வாய் வராது. சந்தோஷம் ஒரு குற்றம் என்று நான் நினைக்கவில்லை.

"ட்ராக் டே முடியட்டும். அதுவரைக்கும் எதையும் வெட்டாதே" என்று மட்டும் சொல்லி அனுப்பினேன்.

அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. எனக்கு ஒரு துண்டு ஞாபகம் வந்தது. தோளில் போடுகிற துண்டு.

தொண்ணூறுகளில் நான் மேற்கு மாம்பலத்தில் ஒரு அடுக்குமாடியில் குடியிருந்தேன். என்னிடம் செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஒரு டீசல் கார் இருந்தது. தினமும் காலையில் ஏழரை மணிக்கு ஸ்டார்ட் செய்து, ஐந்து நிமிஷம் ஓடவிட்டு, அப்புறம் ரிவர்ஸ் எடுப்பேன். கீழ்த்தளத்தில், தாழ்வான கூரைக்கு அடியில்.

வாட்ச்மேன் விழுப்புரம் பக்கத்துக்காரர். அறுபது வயசிருக்கும். நான் வண்டியை எடுக்கிறபோது ஓடி வந்து பின்னால் நின்றுகொள்வார். "வரலாம் சார்... வரலாம்... கொஞ்சம் ஒடிங்க... வரலாம்..." என்று கை காட்டுவார். அப்படி நிற்கும்போது தோளில் இருக்கும் துண்டை எடுத்து வாயை மூடிக்கொள்வார்.

அதை நான் என்னவென்று நினைத்தேன் தெரியுமா?

மரியாதை என்று நினைத்தேன்.

நம் ஊர்ப் பழக்கம் உங்களுக்குத் தெரியும். பெரிய மனுஷன் முன்னால் துண்டை எடுப்பது, வாய் பொத்தி நிற்பது. 'இந்தக் காலத்திலயும் இப்படி ஒரு பணிவான மனுஷன்' என்று வீட்டில் சொல்லியிருக்கிறேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, எனக்கு அது உள்ளூரப் பிடித்தும் இருந்தது.

ஒரு வாரம் அவர் ஊருக்குப் போனார். அன்றைக்குப் பார்த்து எனக்குக் கையில் சுளுக்கு. மைத்துனன் வண்டியை எடுக்க, நான் பின்னால் நின்று கை காட்ட வேண்டியதாயிற்று. "வா... வா..." என்று இரண்டு தரம் சொல்லியிருப்பேன். ஆக்சிலேட்டரை மிதித்தான். கறுப்பாக ஒரு மேகம் வந்து முகத்தில் அறைந்தது. கண் எரிந்தது. தொண்டையில் மண்ணைப் போட்ட மாதிரி இருந்தது. என்னை அறியாமலே என் கை பாக்கெட்டுக்குப் போய், கைக்குட்டையை எடுத்து, வாயையும் மூக்கையும் பொத்திக்கொண்டது.

அந்தக் கணத்தில் எனக்குப் புரிந்தது. அது மரியாதை இல்லை!

மெக்கானிக்கிடம் போனேன். நாஸில் கோளாறு. சில நூறு ரூபாய் வேலை. அவர் ஒரு வருஷமாகவே சொல்லிக்கொண்டிருந்தார். நான்தான் 'அடுத்த மாசம் பார்க்கலாம்' என்று தள்ளிக்கொண்டே வந்திருந்தேன். வண்டி ஓடுகிறதே, எனக்கு என்ன குறை? கண்ணாடியை ஏற்றிவிட்டு முன்னால் உட்கார்ந்திருப்பவனுக்குப் புகை எங்கே தெரியும்?

வாட்ச்மேன் ஊரிலிருந்து திரும்பி வந்ததும் கேட்டேன்.

"பெரியவரே, இவ்வளவு புகை வருதே, ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

அவர் சிரித்தார். "சொன்னா நல்லாவா இருக்கும் சார்?" என்றார்.

அவ்வளவுதான். சில மாதங்களில் வேலையை விட்டுவிட்டு ஊரோடு போய்விட்டார். யோசித்துப் பார்க்கிறேன். நான் அவரிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. 'ஏன் சொல்லவில்லை' என்று அவரையே குற்றவாளி ஆக்கினேன்.

இதைத்தான் மறுநாள் அக்கா மகனிடம் போனில் சொன்னேன். கேட்டுவிட்டு, "அது பழைய காலத்து வண்டி மாமா. நீங்க சென்டிமென்ட்டா பேசறீங்க" என்றான்.

சரி, சென்டிமென்ட்டை ஒதுக்கிவிட்டு அவன் வாதங்களுக்கே வருவோம். நீங்களும் கூட வாருங்கள்.

'வருஷத்துல ஒரு நாள்தான்.' இது உண்மையா? தேன்கூட்டை வெட்டி எடுத்தபின், ட்ராக் டே முடிந்த சாயங்காலம் அதை யாராவது திரும்ப ஒட்டுவார்களா? ஒரு நாள் சந்தோஷத்துக்காக எடுத்தது, மிச்சம் 364 நாளும் வேளச்சேரி சிக்னலில்தான் புகை விடும். பக்கத்தில் ஷேர் ஆட்டோ, அதில் ஸ்கூல் பிள்ளைகள். அவர்களின் மூக்கு, அவன் சைலன்சருக்கு ரொம்பப் பக்கம். 'ஒரே ஒரு நாள்' என்று நாம் ஆரம்பிக்கிற தப்புகளில் எத்தனை ஒரே நாளில் முடிந்திருக்கின்றன?

'தண்ணி லாரி என்னைவிட அதிகம் விடுதே.' விடுகிறது, மறுக்கவில்லை. ஆனால் அடுத்தவன் கடன் நம் பாஸ்புக்கில் வரவாக ஏறாது. இன்னொன்றும் உண்டு. லோன் போட்டு வேன் வாங்கி, ராப்பகலாகக் காய்கறி ஏற்றி ஓட்டுகிறவருக்கு ஃபில்டர் அடைத்துக்கொண்டால், அந்தச் செலவு அவர் வீட்டு அரிசியில் கை வைக்கும். அவர் தப்பு வழிக்குப் போனாலும் அது தப்புதான். ஆனால் அவரைத் திட்ட எனக்கு நாக்குக் கூசும். அவருடையது பிழைப்பு. நம்முடையது விளையாட்டு. பிழைப்புக்காகச் செய்கிற தப்பைவிட, விளையாட்டுக்காகச் செய்கிற தப்புக்குச் சமாதானம் சொல்வது கஷ்டம்.

'யாருக்குத் தெரியப்போகுது?' இதற்கு ஒரு பெரிய கதையே இருக்கிறது. 2015 செப்டம்பரில் உலகமே பார்த்த கதை. ஃபோக்ஸ்வாகன் கம்பெனியின் டீசல் கார்களில் ஒரு சாஃப்ட்வேர் இருந்தது. 'இப்போது சோதனை நடக்கிறது' என்று கார் தானாகக் கண்டுபிடித்து, அப்போது மட்டும் ஒழுங்காக நடந்துகொள்ளும். ரோட்டுக்கு வந்ததும் வேறு முகம். உலகம் முழுக்கச் சுமார் ஒரு கோடியே பத்து லட்சம் கார்கள்! அங்கே விஷயம் கரி இல்லை, நைட்ரஜன் ஆக்ஸைடு. ஆனால் புத்தி ஒன்றுதான். வாத்தியார் பார்க்கிறபோது மட்டும் படிக்கிற பையனின் புத்தி. நம் மெக்கானிக் சொன்னதும் அதையேதான், சின்ன அளவில்.

இங்கிலாந்தில் வருஷா வருஷம் காருக்குத் தகுதிப் பரிசோதனை உண்டு. ஃபில்டரோடு வந்த காரில் அது காணாமல் போயிருந்தால் ஃபெயில் என்று 2014 பிப்ரவரியில் விதி கொண்டுவந்தார்கள். எதற்காக? நிறையப் பேர் பிடுங்கிப் போட ஆரம்பித்துவிட்டார்கள் என்பதற்காகத்தான். அப்புறம் என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியாதா? வெளியே டப்பா, உள்ளே வெறும் காற்று. விதி டப்பாவைப் பார்க்கும். மனசாட்சிதான் டப்பாவுக்குள் பார்க்க வேண்டும்.

'பிக்கப் ஏறும்.' இதற்குத்தான் நான் ஒரு துருப்புச்சீட்டு வைத்திருந்தேன்.

"ஏண்டா, 2006-ல் லெ மான்ஸ் 24 மணி நேர ரேஸை ஜெயிச்சது யாரு?"

"ஆடி ஆர்10. முதல் டீசல் வெற்றி" என்றான். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான்.

"அதுல எத்தனை ஃபில்டர் இருந்தது?"

போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "ஃபில்டரா? ரேஸ் கார்லயா?" என்றான். அரைமணி கழித்து அவனே கூப்பிட்டான். "ரெண்டு மாமா" என்றான், குரல் இறங்கி.

ஆமாம். பன்னிரண்டு சிலிண்டர், ஐந்தரை லிட்டர் எஞ்சின், 650 குதிரைத் திறனுக்கு மேல். இரண்டு கரி ஃபில்டர்களை மாட்டிக்கொண்டு, ஒரு பகலும் ஒரு இரவும் ஓடி, 380 சுற்று, ஐயாயிரம் கிலோமீட்டருக்கு மேல் கடந்து ஜெயித்தது. பக்கத்தில் நின்றவர்களுக்குப் புகையும் தெரியவில்லை, சத்தமும் அவ்வளவாகக் கேட்கவில்லை. உலகத்தின் மிகக் கடினமான ரேஸை ஃபில்டரோடு ஜெயிக்க முடியும் என்றால், பரிசே இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு அதைப் பிடுங்க வேண்டுமா?

"சரி மாமா. ஃபில்டரோடயே போறேன். ஆனா பிராமிஸ் எல்லாம் கிடையாது. வந்தப்புறம் முடிவு பண்றேன்" என்றான்.

நானும் கூடப் போனேன். கிழவனுக்கு இதெல்லாம் தேவையா என்று என் மனைவி கேட்டது தனிக் கதை.

ஃபில்டர் உள்ள டீசல் காரை டிராக்குக்குக் கொண்டுபோவது சும்மா இல்லை என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன். சர்வீஸில் கொடுத்து, அங்கேயே கம்ப்யூட்டரை மாட்டிக் கரியை எரிக்க வைத்தான். முந்தின நாள் வேலூர் வரை ஒரே சீராக ஓட்டிவிட்டு வந்தான். ஆரஞ்சு லைட் அணைந்திருந்தது. அப்புறம் ஆயிலை மாற்றினான். கரியை எரிக்க எஞ்சின் தெளிக்கிற டீசலில் கொஞ்சம் கீழே கசிந்து ஆயிலோடு கலந்துவிடுமாம். அடிக்கடி அப்படி நடந்தால் ஆயில் மட்டம் குறையாது, ஏறும்! ஆயிலும் தண்ணீர் மாதிரி நீர்த்துப்போகும். அந்த ஆயிலை நம்பி டிராக்கில் முழு வேகத்தில் வளைத்தால் எஞ்சினுக்கே ஆபத்து. மட்டம் மேல் கோட்டைத் தாண்டியிருந்தால் டிராக்கில் இறங்கவே கூடாது. ஆயிலும் சாம்பல் குறைவாக வரும் ரகம்தான் ஊற்ற வேண்டுமாம். ஏனென்றால் கரி எரிந்துவிடும், ஆயிலிலிருந்து வருகிற சாம்பல் மட்டும் எரியாது. ஃபில்டருக்குள் நிரந்தரமாகத் தங்கிவிடும்.

இருங்காட்டுக்கோட்டையில் ஒரு சுற்று 3.7 கிலோமீட்டர். பன்னிரண்டு வளைவு. பெட்ரோல் கார் பையன்கள் இவனைப் பார்த்து, "அண்ணா, டிராக்டர் ரேஸ் இன்னிக்கு இல்லையே" என்று கலாய்த்தார்கள். டீசல் எஞ்சின் கனம். வளைவில் மூக்கு சொன்ன பேச்சைக் கேட்காமல் வெளிப்பக்கம் இழுக்கிறது. முன் டயர்கள் அழுகின்றன. பெட்ரோல் கார்கள் ஆறாயிரம் சுற்றில் பாடிக்கொண்டிருக்க, இவன் நாலாயிரத்திலேயே கியர் மாற்றியாக வேண்டும். ஆனால் வளைவிலிருந்து வெளியே வருகிறபோது ஒரு தள்ளு தள்ளுகிறது பாருங்கள், அதற்கு டீசல்தான்.

நாலைந்து சுற்றுக்கு ஒருமுறை, மெதுவாக ஒரு சுற்று வந்து, எல்லாம் ஆறிய பிறகு நிறுத்தினான். புல் தரையில் நிறுத்தாமல் தேடிப் பிடித்து சிமென்ட் தரையில் நிறுத்தினான். "ஃபில்டர் சூட்டுல காஞ்ச புல்லு பத்திக்கும் மாமா" என்றான். விசிறி ஓடிக்கொண்டிருந்தால் எஞ்சினை அணைக்கவில்லை. ஊருக்குள் அடைத்துக்கொண்டு அழுத அதே ஃபில்டர், இங்கே ஒரு வார்த்தை முனகவில்லை. அதற்கு வேண்டிய சூடு இங்கேதான் தாராளமாகக் கிடைக்கிறதே!

இடைவேளையில் நானும் அவனும் வேலி ஓரமாக நின்று டீ குடித்துக்கொண்டிருந்தோம். எதிரே வளைவில், கொடியை வைத்துக்கொண்டு ஒரு மார்ஷல் பையன் நின்றிருந்தான். கல்லூரியில் படிக்கிற வயசு. காலையிலிருந்து வெயிலில் நிற்கிறான். யாராவது சுழன்று நின்றால் மஞ்சள் கொடியை ஆட்டி மற்றவர்களைக் காப்பாற்றுவது அவன்தான்.

ஒரு பழைய டீசல் ஜீப் வந்தது. ஃபில்டர் கண்டுபிடிக்கப்படாத காலத்து வண்டியோ, பிடுங்கப்பட்ட வண்டியோ, தெரியாது. வளைவில் திரும்பி ஒரு மிதி மிதித்தார் அந்த மனிதர். பின்னால் கறுப்பாக ஒரு திரை விழுந்தது.

மார்ஷல் பையன் கொடியை ஒரு கையில் பிடித்தபடியே, இன்னொரு கையால் சட்டைக் காலரை இழுத்து வாயையும் மூக்கையும் மூடிக்கொண்டான். கண்ணை மட்டும் டிராக்கிலிருந்து எடுக்கவில்லை. புகை கலைந்ததும் காலரை விட்டான். அடுத்த சுற்றில் ஜீப் வந்தது. மறுபடி காலர்.

ஜீப்காரர் நல்ல மனிதராகத்தான் இருப்பார். அவருக்கு அந்தப் பையன் செய்தது தெரியவே தெரியாது. தெரிய வழியும் இல்லை. அவர் அடுத்த வளைவுக்குப் போய்விட்டார்.

நான் அக்கா மகனைப் பார்த்தேன். அவன் டீ குடிப்பதை நிறுத்திவிட்டு அந்தப் பையனையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை. அவனும் ஒன்றும் பேசவில்லை.

திரும்பி வரும்போது, பூந்தமல்லி தாண்டியபின், "அந்த மெக்கானிக்குக்கு வேணாம்னு சொல்லிடறேன் மாமா" என்றான்.

'ஆக, அந்தக் கார் சுத்தம். நீயும் சுத்தம்' என்று கதையை இங்கே முடித்துவிட்டால் அது இன்னொரு பொய். அன்றைக்கு அவன் எரித்த டீசல், அவசியத்துக்காக எரித்த டீசல் இல்லை. ஃபில்டரில் எரிந்த கரியும் கரியமில வாயுவாகி வெளியேதான் போகிறது. தேய்ந்த டயரின் தூள் இருக்கிறது. பிரேக்கின் தூள் இருக்கிறது. உலகத்தில் வாழ்ந்துகொண்டே யாருக்கும் எந்தத் தொந்தரவும் தராமல் இருக்க முடியாது. மூச்சு விட்டாலே ஏதோ ஒன்றை எடுத்து, ஏதோ ஒன்றை விடுகிறோம். நான் கேட்பது அந்த முழுச் சுத்தத்தை இல்லை.

நம் சந்தோஷத்துக்கு ஒரு பில் வரும். அதை முடிந்தவரை நாமே கட்டுகிறோமா, அல்லது பின்னால் நிற்கிறவர் பாக்கெட்டில் சத்தமில்லாமல் செருகிவிட்டுப் போகிறோமா? இதுதான் என் கேள்வி. ஃபில்டர் என்பது, 'என் கரி என் வீட்டோடு இருக்கட்டும், நானே எரித்துக்கொள்கிறேன்' என்று ஒரு வண்டி கொடுக்கிற வாக்கு. அதை வெட்டி எடுப்பது என்றால் வாக்கைத் திரும்பப் பெறுவது. அதுவும், யாருக்குக் கொடுத்தோமோ அவரிடம் சொல்லாமல்.

பின்னால் நிற்கிறவர்கள் எப்போதும் சொல்ல மாட்டார்கள். சொல்ல முடியாத இடத்தில் இருப்பதால்தான் அவர்கள் பின்னால் நிற்கிறார்கள். சம்பளம் கொடுப்பவரிடம் வாட்ச்மேன் சொல்வாரா? பணம் கட்டி வந்தவரிடம் மார்ஷல் சொல்வானா? மாடி வீட்டுக்காரர் ஜெனரேட்டர் போட்டால், அதற்கு நேர் எதிரே ஜன்னல் வைத்த கீழ் வீட்டு அம்மா ஒருதரம் சொல்லிப் பார்ப்பார், அப்புறம் ஜன்னலைச் சாத்திக்கொள்வார். கல்யாண மண்டபத்து மைக் செட்டுக்குப் பக்கத்துத் தெருவில் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை யாரிடம் போய்ச் சொல்லும்? 'யாருமே புகார் பண்ணலையே' என்பதை நாம் நற்சான்றிதழாக எடுத்துக்கொள்கிறோம். நான் நாலு வருஷம் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். மூக்கைப் பொத்தியதை வணக்கம் என்று நினைத்தேன்.

ஆகையால், ஒரு சின்ன யோசனை. எதையாவது ஆசையாகச் செய்யப் புறப்படுகிறீர்களா, தாராளமாகச் செய்யுங்கள். அதற்கு முன்னால் ஒரே ஒருமுறை வண்டியை விட்டு இறங்கி, கொஞ்சம் பின்னால் வந்து நில்லுங்கள். வேறு யாரையாவது ஆக்சிலேட்டரை மிதிக்கச் சொல்லுங்கள். உங்கள் கை தானாகக் கைக்குட்டையைத் தேடுகிறதா என்று பாருங்கள்.

அக்கா மகனின் கார் இப்போது நன்றாக ஓடுகிறது. பதினைந்து நாளைக்கு ஒருமுறை அந்த ஃபில்டருக்கு ஒரு நீண்ட ஓட்டம் தேவை. அதற்காக அவன் தன் அம்மாவை ஏற்றிக்கொண்டு காஞ்சிபுரம் போய் வருகிறான். 'பையனுக்கு இப்பத்தான் பக்தி வந்திருக்கு' என்று என் அக்கா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நான் திருத்தப் போகவில்லை.

அவன் என் வீட்டுக்கு வந்தால், கிளம்பும்போது நான்தான் பின்னால் நின்று "வரலாம்... வரலாம்..." என்று கை காட்டுகிறேன். கைக்குட்டை பாக்கெட்டிலேயே இருக்கிறது.

ஆனாலும் அந்த விழுப்புரத்துப் பெரியவர் ஞாபகம் வராத நாள் இல்லை. கரி எரிந்துவிடும், சாம்பல் தங்கிவிடும் என்று சொன்னேன் இல்லையா?

முதலில் கேட்ட கேள்விக்கு இப்போது பதில் சொல்லுங்கள். என்னிடம் வேண்டாம். உங்களுக்குப் பின்னால் நிற்கிறவரிடம்.